சொட்டும் தண்ணீருக்குக் கேள்வி உண்டா?

மதுரைக்கு மேற்கே நாகமலைப் பக்கமாகச் சென்றால் கீழக்குயில்குடி என்னும் ஊர் இருக்கிறது. ஊரை ஒட்டி நிற்கும் சமணர் மலைப் பாறையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு செதுக்கிய உருவங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருப்பதால் வெளியூரார் பலர் வந்து பார்த்துப் போகிறார்கள். மலையடியில் தாமரைக் குளம் ஒன்றும் உண்டு. நாம் அங்கே சென்றது மலையைக் காண்பதற்கன்று. நகருக்குள் வாடகை கட்டுப்படியாகாமல் அப்பக்கம் குடிபோன ஒரு குடும்பத்தார், வீட்டில் குர்ஆன் ஓதி துஆச் செய்து தரும்படி அழைத்திருந்தார்கள்.

மஃரிபுக்குச் சற்று முன்னதாகப் போய்ச் சேர்ந்தோம். ஒளூச் செய்வதற்காகப் பின்கட்டுக்குப் போனால், குழாயைத் திறப்பதற்கு முன்பே தண்ணீர் வந்துகொண்டிருந்தது. சொட்டாக அல்ல, நூல் பிடித்தாற்போல! மாடியிலும் ஓர் ஓசை. மேல்தொட்டியின் மிதவைக் குண்டு பழுதாகிவிட்டதாம். மோட்டார் போடும்போதெல்லாம் தொட்டி நிரம்பி வழிகிறது. வழிந்த நீர் பக்கத்து வீட்டுச் சுவரில் இறங்கி, ஆள் உயரத்துக்குப் பாசி படர்ந்திருந்தது. அன்று தெருக்குழாயில் தண்ணீர் வரும் நாள். ஒரு மூதாட்டி இரண்டு குடங்களோடு வரிசையில் நின்றதை வரும்போதே பார்த்திருந்தோம்.

ஓதி முடித்த பின் அவ்வீட்டுப் பெண்மணி கதவுக்குப் பின்னால் நின்றபடி கேட்டார்: "ஹஜ்ரத், இது எங்க வீடு இல்லைங்க, வாடகை வீடு. குழாய் ஒழுகுறத வீட்டுக்காரர்கிட்ட மூணு தடவை சொல்லியாச்சு. பார்ப்போம் பார்ப்போம்ங்கிறாரு. நாங்க ஒண்ணும் தொறந்து விடல, அதுவா ஒழுகுது. இதுக்கும் மறுமையில எங்ககிட்ட கேள்வி இருக்குங்களா?"

பார்த்துச் சொல்கிறோம் அம்மா என்று கூறிவிட்டு வந்துவிட்டோம். நேயர்களிடம் மறைப்பானேன்! உடனே பதில் சொல்ல நமக்கு நா எழவில்லை. நாம் தங்கியிருக்கும் அறையை ஒட்டிய குழாய் ஐந்தாறு மாதங்களாக ஒழுகிக் கொண்டிருந்தது. அதே மாதங்களில் ஒரு ஜும்ஆவில் வீண்விரயத்தைப் பற்றி அரைமணி நேரம் பயானும் செய்திருந்தோம். அது பள்ளிவாசல் சொத்து, ஜமாஅத்தார் பார்த்துக்கொள்வார்கள் என்பது நம் மனத்தின் சமாதானம். ஓதவரும் சிறுவன் ஒருவன் அக்குழாயின் அடியில் ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனான். ஆகவே, அந்தப் பெண்மணியின் கேள்வி நம்மையும் நோக்கியே கேட்கப்பட்டதாயிற்று.

தண்ணீரை வீணாக்குவது கூடாது என்பதை எல்லாரும் அறிவார்கள். உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வரம்பு மீறாதீர்கள் என்னும் கருத்துப்பட அல்லாஹுத் தஆலா திருமறையில் (7:31) கட்டளையிட்டிருக்கிறான். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் ஒளூவும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான தண்ணீரில் குளிப்பும் செய்து வந்தார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஒரு முத்து என்பது ஷாஃபிஈ மத்ஹபின் கணக்கில் முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஹனஃபீ மத்ஹபின் கணக்கில் ஏறத்தாழ ஒரு லிட்டர். ஒரு ஸாஉ எனக்குப் போதாதே என்று சொன்ன ஒருவருக்கு ஜாபிர் (ரலி) அவர்கள், உம்மைவிட அதிக முடியுடையவரும் உம்மைவிடச் சிறந்தவருமான ஒருவருக்கு அது போதுமானதாக இருந்தது என்று பதிலளித்ததாகப் புகாரியில் வருகிறது. போதவில்லை என்னும் வார்த்தை இன்று நேற்று வந்ததன்று.

ஓடும் ஆற்றின் கரையில் ஒளூச் செய்தாலும் விரயம் விரயமே என்று ஸஅது (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய ஹதீஸ் இப்னு மாஜாவில் இருக்கிறது. மேடைகளில் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறோம். இதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டு என்பதை ஹதீஸ் கலை வல்லுநர்கள் குறிப்பிட்டிருக்கிறார்கள். அதையும் சேர்த்துச் சொல்வதே அமானத். ஆயினும் சட்டம் இந்த ஒரு ஹதீஸை மட்டும் நம்பி நிற்கவில்லை. கடற்கரையில் இருந்தாலும் நீரை விரயம் செய்வது தடுக்கப்பட்டதே என்பதில் உலமாக்கள் ஏகோபித்திருக்கிறார்கள் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில் எழுதியிருக்கிறார்கள்.

இவையெல்லாம் நாம் 'செய்கிற' விரயத்தைப் பற்றியவை. குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுகிறவர், தலைக்கு மஸ்ஹுச் செய்யும்போதும் நீரை ஓடவிடுகிறவர், மூன்று தடவைக்கு மேல் கழுவுகிறவர் ஆகியோர் செய்கிறவர்கள். கீழக்குயில்குடிப் பெண்மணி கேட்டதோ வேறு. அவர் எதையும் செய்யவில்லை. வாஷர் தேய்ந்தது அவருடைய செயலன்று. மனிதன் செய்யாத ஒன்றுக்குக் கணக்குக் கேட்கப்படுமா?

முதலில் நமக்கு நினைவுக்கு வந்தது பூனையின் ஹதீஸ். ஒரு பெண் பூனையை அடைத்து வைத்தாள். உணவும் கொடுக்கவில்லை, பூச்சி புழுக்களைத் தின்று பிழைக்கட்டும் என்று அவிழ்த்தும் விடவில்லை. அதனால் வேதனைக்கு ஆளானாள். அவள் பூனையை அடித்துக் கொன்றதாக ஹதீஸில் இல்லை. செய்யாததே அவளுடைய குற்றம். ஆனால், அடைத்தவள் அவள்தானே, குழாயை ஒழுக வைத்தது நாமல்லவே என்று ஒருவர் வாதிக்கலாம். நியாயமான வாதம்தான். ஆகவே ஃபிக்ஹு நூல்களைத் தேடினோம்.

அங்கே 'சாய்ந்த சுவர்' என்றொரு மஸ்அலா இருக்கிறது. மதரஸாவில் ஓதியபோது, இதெல்லாம் நமக்கு எங்கே பயன்படப் போகிறது என்று பக்கத்தைப் புரட்டிச் சென்ற பாடம் அது! ஒருவர் நேராகத்தான் சுவர் எழுப்பினார். காலப்போக்கில் அது பொதுவழியின் பக்கம் சாய்ந்துவிட்டது. பிறகு இடிந்து ஒருவர் மீது விழுந்தால் சொந்தக்காரர் பொறுப்பாளியா? ஹனஃபீ இமாம்கள் கூறுவது: சுவர் சாய்ந்திருப்பதை எடுத்துச் சொல்லி, அதை அப்புறப்படுத்தும்படி அவரிடம் கோரப்பட்டிருந்து, செய்வதற்குரிய அவகாசமும் இருந்து, அவர் செய்யாமல் விட்டிருந்தால் பொறுப்பாளியே, யாரும் சொல்லாதவரை பொறுப்பில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான சொல், அவர் மீது நஷ்டஈடு இல்லை என்பதே. இடிக்கவோ சீர்செய்யவோ இயன்றும் விட்டிருந்தால் பொறுப்பாளியே என்னும் மற்றொரு சொல்லும் அம்மத்ஹபின் நூல்களில் பதிவாகியிருக்கிறது.

சுவர் தானாகத்தான் சாய்ந்தது, குழாய் தானாகத்தான் ஒழுகுகிறது. ஹனஃபீ சட்டம் அந்தத் தானாக என்னும் சொல்லை எதுவரை ஏற்றுக்கொள்கிறது என்று கவனியுங்கள்: அறியும் வரை, இயலும் வரை. அறிந்து, இயன்று, அவகாசமும் கடந்த பிறகு சுவர் சாய்ந்தே நிற்பதில் அவருடைய சம்மதம் கலந்துவிடுகிறது. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல்லை எடுத்துக்கொண்டாலும், அது உலகில் பணம் கொடுத்து ஈடு செய்வதைப் பற்றியது; மறுமையின் கேள்வியைத் தள்ளுபடி செய்வதன்று. மூன்று காரியங்களை அல்லாஹ் உங்களுக்கு வெறுக்கிறான் என்று வரும் ஸஹீஹான ஹதீஸில் ஒன்று 'இளாஅத்துல் மால்', அதாவது பொருளைப் பாழாக்குதல். கையால் அழிப்பது மட்டும் பாழாக்குதல் ஆகாது. கவனியாமல் அழியவிடுவதும் பாழாக்குதலே. ஒழுகும் குழாய் இந்த வகையைச் சேர்ந்தது என்பதே நம் கருத்து. இன்னும் சொல்லப்போனால், ஒளூவில் மிகையாக ஊற்றிய நீர் ஓர் உறுப்பையாவது நனைக்கிறது. ஒழுகிய நீரோ எந்த உறுப்பையும் நனைக்கவில்லை, எந்த நாவையும் குளிர்விக்கவில்லை.

ஒரு சொட்டுத்தானே என்பார்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். மருந்துக் கணக்கில் இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர். வினாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. அதாவது 4 லிட்டருக்கு மேல். நாயகம் (ஸல்) அவர்களின் அளவில், ஷாஃபிஈ மத்ஹபின் முத்துப்படி, ஆறு ஒளூவுக்குரிய தண்ணீர். ஐந்து வக்துக்கும் ஒளூச் செய்து, தஹஜ்ஜுதுக்கும் எழுந்து செய்யலாம்! கீழக்குயில்குடியில் கண்ட நூல் போன்ற ஒழுக்கு இதைப்போல் பல மடங்கு. தொட்டி வழிவதோ கேட்கவே வேண்டாம். நிமிடத்துக்கு 30 லிட்டர் ஏற்றும் மோட்டார் என்று வைத்துக்கொண்டால், மறந்துபோன பத்து நிமிடத்தில் 300 லிட்டர் போய்விடும். 2019இல் தொடங்கிய மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டம், கிராமத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்குக் கொடுக்க வேண்டும் என்று வைத்திருக்கும் அளவு 55 லிட்டர். அந்தப் பத்து நிமிடம் ஐந்து பேருடைய ஒரு நாள் பங்கு.

2017 ஏப்ரலில் வைகை அணையில் நீர் ஆவியாகாமல் தடுக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார்கள். அவை காற்றில் கரை ஒதுங்கின. நாடே சிரித்தது, நாமும் சிரித்தோம். அணையில் போகும் நீருக்காகச் சிரித்த நாம் அன்றும் வீட்டுக் குழாயின் வாஷரை மாற்றியிருக்கவில்லை.

அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மதுரை நகரம் குடிநீருக்குப் பெரிதும் நம்பியிருப்பது 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையை. அவ்வணைக்கு, 1895இல் கட்டி முடித்த பெரியாறு அணையின் நீரும் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து சேருகிறது. மேற்கே அரபிக் கடலுக்குப் போக வேண்டிய நீரைக் கிழக்கே திருப்பிக் கொண்டுவந்து, குழாயில் ஏற்றி, மருந்து கலந்து நம் வாசலுக்கு அனுப்ப எத்தனை பேருடைய உழைப்பு! வானிலிருந்து அளவோடு நீரை இறக்கிப் பூமியில் தங்க வைத்திருப்பதாகவும், அதைப் போக்கிவிடவும் தான் ஆற்றலுடையவன் என்றும் அல்லாஹ் (23:18) எச்சரித்திருக்கிறான். 2018இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் ஆளுக்கு 50 லிட்டருக்கு மேல் கூடாதென்று கட்டளை பிறந்தது. நம்மைப் போலவே ஷாஃபிஈ மத்ஹபைப் பேணும் பழமையான முஸ்லிம் சமுதாயம் வாழும் நகரம் அது. 2019 ஜூலையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் சென்றது. தூரத்துச் செய்தி என்று சொல்வதற்கில்லை.

தண்ணீர் வரி கட்டுகிறோம், அல்லது எங்கள் சொந்த போர், சொந்தக் கரண்டு என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். சொந்தம் என்பதை மார்க்கம் மறுக்கவில்லை. பாத்திரத்தில் பிடித்து வைத்த நீர் பிடித்தவருக்கே உரியது. தம் இடத்தில் வழக்கப்படி கிணறு தோண்டியதால் அயலார் கிணற்றில் நீர் குறைந்தாலும் நஷ்டஈடு இல்லை என்றே ஷாஃபிஈ நூல்கள் கூறுகின்றன. ஆனால் மிஞ்சிய நீரைப் பிறருக்கு மறுக்காதீர்கள் என்ற ஹதீஸும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. மிஞ்சிய நீரைக் கொடுக்காதே போவது குற்றமென்றால், அதைச் சாக்கடையில் விட்டு, கொடுப்பதற்கே இல்லாமல் ஆக்குவதை என்னவென்று சொல்வது? குடத்தோடு நின்ற அந்த மூதாட்டி நம் நினைவை விட்டு அகலவில்லை. அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். நீரில் உள்ள உரிமைக்கு அது நிபந்தனையும் அன்று. தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் பாவமே மன்னிக்கப்பட்டிருக்கிறது.

இனி, பலர் அறியாத ஒரு விஷயம். ஒழுக்கினால் நீர் வெளியே மட்டும் போவதில்லை, அழுக்கு உள்ளேயும் வருகிறது. நம் ஊர்களில் குழாயில் எந்நேரமும் தண்ணீர் ஓடுவதில்லை. சில மணி நேரம் வரும், பிறகு நின்றுவிடும். ஓடும்போது அழுத்தம் இருப்பதால் வெடிப்பின் வழியே நீர் வெளியேறும். நின்றவுடன் அழுத்தம் குறைந்து, அதே வெடிப்பின் வழியே சுற்றியுள்ள மண்ணின் ஈரத்தையும், பக்கத்தில் சாக்கடை இருந்தால் அதையும் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுமுறை தண்ணீர் வரும்போது முதலில் வருவது அதுதான். தெருக்குழாய் இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்களே, அவர்கள் இந்த உள்ளிழுப்பை இன்னும் வலுப்படுத்துகிறார்கள். அயலாரின் பங்கைப் பறிப்பதோடு அவர்கள் குழாயில் நஜீஸையும் கலக்கச் செய்கிறார்கள். தீங்கு செய்தலும் கூடாது, பதிலுக்குத் தீங்கும் கூடாது என்னும் நபிமொழிக்கு நேர் விரோதமான இக்காரியத்தைத் தொழுகையாளிகளும் செய்கிறார்கள் என்பதை வருத்தத்தோடு எழுதுகிறோம். அப்படி உறிஞ்சிய நீரில் ஒளூச் செய்துவிட்டுத்தானே ஸஃப்பில் வந்து நிற்கிறோம்!

இவ்விடத்தில் தஹாரத்தின் சட்டத்தையும் சொல்லிவிடுவது நலம். ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத், அதாவது ஏறத்தாழ 200 லிட்டர், அல்லது அதற்கு மேல் உள்ள நீரில் நஜீஸ் கலந்தால் நிறம், சுவை, வாடை இவற்றில் ஒன்று மாறினாலொழிய நீர் அசுத்தமாகாது. அதற்குக் குறைந்ததாயின், மாறாவிட்டாலும் அசுத்தமே. ஹனஃபீ மத்ஹபில் நம் மேல்தொட்டிகள் யாவும் சிறு நீரின் சட்டத்தில் அடங்கும். நஜீஸ் விழுந்தது உறுதியானால் மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை. உறுதி இன்றி வெறும் சந்தேகத்தால் நீர் அசுத்தமாகாது என்பதில் இருவரும் ஒன்றே. ஆகவே, இதைப் படித்துவிட்டு வஸ்வாஸ் கொண்டு தொட்டியைத் தினமும் கொட்டிக் கழுவ வேண்டாம். அது வேறொரு விரயமாகிவிடும். வாடையோ கலங்கலோ தெரிந்தால் முதல் நீரைப் பிடிக்காமல் விட்டு, பழுதை உரியவர்களுக்கு அறிவிக்க வேண்டும். ஊராட்சியானாலும் மாநகராட்சியானாலும் தெருவில் குழாய் உடைந்ததைத் தெரிவிப்பது ஃபர்ளு கிஃபாயாவைப் போன்றது. யாராவது சொல்லியிருப்பார்கள் என்று தெருவே நினைத்தால் யாருமே சொல்லாமல் போகும். நம் அனுபவத்தில் அப்படித்தான் போகிறது.

சத்தமில்லாத ஒழுக்கும் ஒன்றுண்டு. கழிப்பறையின் ஃபிளஷ் தொட்டியில் அடியிலிருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டால் நீர் இரவும் பகலும் வழுவிப் போய்க்கொண்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. தொட்டியில் துணிக்குப் போடும் நீலத்தைச் சிறிது கலந்து அரைமணி நேரம் யாரும் உபயோகிக்காமல் விட்டுப் பாருங்கள். கீழே பீங்கானில் நீலம் தெரிந்தால் ஒழுக்கு உண்டு. வீட்டில் குடிநீர் மீட்டர் இருப்பவர்கள், இஷாவுக்குப் பின் எல்லாக் குழாயையும் அடைத்துவிட்டு எண்ணைக் குறித்து வைத்து, சுபுஹுக்கு எழுந்து பார்க்கலாம்.

பள்ளிவாசலின் நீர் தனி விஷயம், அங்கே சட்டம் கடுமையாகிறது. சொந்த நீரில் மூன்றுக்கு மேல் கழுவுவது மக்ரூஹ். ஒளூவுக்காக வக்ஃபு செய்த நீரிலோ அது ஹராம் என்று, பொன்னானி மக்தூம் ஸைனுத்தீன் (ரஹ்) அவர்கள் எழுதிய, நம் மதரஸாக்களில் ஓதப்படும் ஃபத்ஹுல் முஈனில் தெளிவாக இருக்கிறது. ஹனஃபீ நூலான துர்ருல் முக்தாரில், மதரஸாக்களின் நீரும் இவ்வகையே என்று சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது. ஓதும் காலத்தில் நம் உஸ்தாது ஒருவர் ஹவுளின் கரையில் அமர்ந்து, ஒரு செம்பு நீரை மொண்டு வைத்துக்கொண்டு முழு ஒளூவையும் முடிப்பார். செம்பில் மிச்சமும் இருக்கும். கஞ்சத்தனம் என்று எண்ணிச் சிரித்துக்கொள்வோம். மென்மையாகக் கையாண்டால் கொஞ்சமும் போதும், முரட்டுத்தனமாகக் கையாண்டால் நிறையவும் போதாது என்ற கருத்தில் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் சொல்லியிருப்பதைப் பின்னரே படித்தோம். ஹவுள் போய்க் குழாய் வந்தது வசதிதான். ஆனால் ஹவுளில் கை அள்ளிய அளவே வரும், குழாயிலோ கை வேறு வேலையில் இருக்கும்போதும் வந்துகொண்டே இருக்கும்.

வக்ஃபு நீர் ஒழுகினால் கேள்வி முதலில் முதவல்லியிடம் என்று நாம் நம்மைத் தேற்றிக்கொண்டது எவ்வளவு பிழை என்பது இந்த வரிகளைத் தேடி எடுத்தபோதுதான் உறைத்தது. அவரிடம் சொல்லாதவரை அவர் அறியாதவர், அறிந்தவர் நாம். சாய்ந்த சுவரைக் கண்டும் சொந்தக்காரரிடம் சொல்லாமல் அதன் நிழலில் படுத்துக் கிடந்தவர் நாம்தான். சொன்ன அன்றே அவர் ஆளை அனுப்பிவிட்டார். வாஷர் ஒன்று மாற்றினார்கள், பத்து நிமிட வேலை.

இப்போது அந்தப் பெண்மணிக்கு உரிய பதில். வாடகை வீட்டில் குடியிருக்கத் தகுந்தபடி பழுது பார்ப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. அவர் செய்யாவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு என்பதே ஃபிக்ஹின் சட்டம். ஆகவே, மூன்று தடவை சொன்ன பிறகு குழாய் பழுதின் கணக்கு பெரும்பகுதி அவர் தலையில்தான். ஆனால் பழுதைச் சரிசெய்வது வேறு, பழுதுள்ள குழாயைப் பயன்படுத்தும் விதம் வேறு. ஒழுகும் நீரை வாளியில் பிடித்துத் துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் எடுத்துக்கொள்ள முடியும். மிதவைக் குண்டு வேலை செய்யாது என்று தெரிந்த பின் மோட்டாரைப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போவது வீட்டுக்காரரின் குற்றமன்று. சுவிட்சைத் தொட்ட கையின் குற்றம். அதனால் நனைந்தது அயலாரின் சுவர் என்பதால் அது அடியார்களின் ஹக்கிலும் சேர்கிறது. அல்லாஹ்விடம் தவ்பா செய்தால் மட்டும் தீராது.

தாமே செலவு செய்து சரிசெய்தால் வாடகையில் கழிக்கலாமா என்று அவர் கணவர் பிறகு போனில் கேட்டார். வீட்டுக்காரரின் அனுமதி பெற்றுச் செய்தால் கழிக்கலாம். கேட்காமல் செய்தால் அது தாமாகச் செய்த தர்மமாகிவிடும், திரும்பக் கேட்க உரிமை இல்லை. இதைச் சொன்னோம். வீட்டுக்காரர், உங்கள் இஷ்டம்போல் செய்துகொள்ளுங்கள் என்றாராம். அந்த வார்த்தை அனுமதியா, அலட்சியமா என்று விளங்கவில்லையே ஹஜ்ரத் என்றார். தொகையைக் குறிப்பிட்டு, கழித்துக்கொள்ளலாமா என்று தெளிவாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி சொன்னோம். கேட்டார், ஒப்புக்கொண்டார்கள். குழாயும் மிதவைக் குண்டும் மாற்றியாகிவிட்டன. பக்கத்து வீட்டுச் சுவருக்குப் பாசியைச் சுரண்டி வெள்ளையடிக்கும் செலவு யாருடையது என்பதில்தான் மூன்று பேரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வல்லாஹு அஃலம்.